பனிப்போர் காலத்தில் பிறந்த அவசரக் கருவி

பனிப்போர் கட்டுரையில் நம் மாணவர்கள் ஆயுதப் போட்டி, விண்வெளிப் போட்டி இரண்டையும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். ஒத்துழைப்புக்கு ஒரு சான்று கேட்டால் பேனா நின்னுடுது. இதோ ஒன்று.

உலு லங்காட் நுவாங் மலைக் (1,493 மீட்டர்) காட்டுக்குள் போனால் கைப்பேசிக்கு லைன் கிடைக்காமல் போகலாம். அந்த மாதிரி இடத்துக்குத்தான் சட்டைப்பையில் அடங்கும் அவசரக் கருவி. விசையை இயக்கினால் 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் துணைக்கோளத்துக்கு அழைப்பு போகும். அதைக் கேட்கும் கோஸ்பாஸ்-சார்சாட் அமைப்புக்கு 1979-இல் கையெழுத்துப் போட்டவர்கள் யார் தெரியுமா? அமெரிக்கா, கனடா, பிரான்ஸ், கூடவே சோவியத் யூனியன்!

அதே ஆண்டு டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தது. ஆனாலும் இந்த வேலை நிற்கவில்லை. 1982 செப்டம்பரில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு சிறு விமானம் விழுந்தபோது, அதன் அபாய ஒலியைப் பிடித்தது சோவியத் துணைக்கோளம். மூன்று பேர் காப்பாற்றப்பட்டார்கள்.

ஏறக்குறைய ஓராண்டு கழித்து, 1983 செப்டம்பர் 1-இல், அதே சோவியத் யூனியன் கொரியப் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியது. 269 பேர் இறந்தார்கள். இரண்டையும் ஒரே பத்தியில் எழுதச் சொல்லிப் பாருங்கள், வகுப்பில் வாக்குவாதம் கிளம்பும்.