குதிரையின் குருதியும் திராட்சைக் கொடியின் சாறும்

உயிரியல் வகுப்பில் தாவரக் கடத்துகையும் மனிதக் குருதிச் சுற்றோட்டமும் பெரும்பாலும் அடுத்தடுத்த பாடங்களாக அமைகின்றன. சைலம், புளோயம் முடிந்ததும் தமனி, சிரை தொடங்கும். அவ்வேளையில், மரத்திற்கு இதயம் எங்கே என்று ஒரு மாணவர் கேட்டால் ஆசிரியர் அதைச் சிரித்து ஒதுக்கிவிடலாகாது. அறிவியல் வரலாற்றில் உண்மையாகவே எழுந்த வினா அது.

1628ஆம் ஆண்டில் வில்லியம் ஹார்வி, குருதி உடலைச் சுற்றி இதயத்திற்கே மீள்கிறது என்று நிறுவினார். அரைமணி நேரத்தில் இதயம் வெளியேற்றும் குருதி, உடலிலுள்ள மொத்தக் குருதியையும் விஞ்சுகிறது. ஆகவே அதே குருதிதான் மீண்டும் மீண்டும் வந்தாக வேண்டும் என்பது அவரது கணக்கு. 1661இல் மால்பிகி தவளையின் நுரையீரலில் நுண்குழாய்களைக் கண்டார். தமனியையும் சிரையையும் இணைக்கும் கண்ணி கிடைத்துவிட்டது. விலங்கில் குருதி சுற்றுமாயின் மரத்தில் சாறும் சுற்றத்தானே வேண்டும்? இவ்வொப்புமை பலரைக் கவர்ந்தது. அதை அளந்து பார்க்கத் துணிந்தவர், இலண்டனை அடுத்த டெடிங்டன் என்னும் சிற்றூரின் சமயகுரு ஸ்டீபன் ஹேல்ஸ் (1677–1761).

அவர் முதலில் அளந்தது குருதியை. ஆறாத புண்ணால் வேலைக்கு உதவாதெனக் கொல்லப்படவிருந்த ஒரு பெண்குதிரையை உயிருடன் கட்டிக் கிடத்தி, அதன் தொடைத் தமனியில் பித்தளைக் குழலைச் செருகி, ஒன்பது அடி நீளக் கண்ணாடிக் குழாயை அதனுடன் பொருத்தினார். குருதி இதயத்தின் மட்டத்திற்கு மேல் 8 அடி 3 அங்குலம் ஏறி நின்று, ஒவ்வொரு துடிப்புக்கும் சில அங்குலம் ஏறி இறங்கியது. கழுத்துச் சிரையிலோ அது ஏறத்தாழ ஓரடியே முதலில் எழுந்தது. குருதியழுத்தம் எண்ணால் அளக்கப்பட்டது இதுவே முதன்முறை. அவருடைய நண்பரும் அண்டை ஊரினருமான கவிஞர் அலெக்சாந்தர் போப், இத்துணை நல்லவர் விலங்குகளை இவ்வாறு வதைக்கிறாரே என்று வருந்தினார். அவ்வருத்தம் நமக்கும் எழுவது இயல்பு. ஹேல்சும் உடலறுப்பு வேலையின் அருவருப்பால் அதைக் கைவிட்டதாகத் தாமே எழுதியுள்ளார்.

சாற்றின் விசையை அளக்க வழியின்றி இருந்தவருக்குத் தற்செயலாக ஒரு திராட்சைக் கொடி கைகொடுத்தது. பருவம் தவறி வெட்டப்பட்ட அதன் அடித்தண்டிலிருந்து சாறு வடிந்துகொண்டே இருந்தது. கொடி பட்டுவிடுமோ என்று அஞ்சி, வெட்டுவாயில் விலங்கின் நீர்ப்பையொன்றை இறுகக் கட்டினார். பை உப்பிப் புடைத்தது. துணியால் கட்டிவிட்டு மறந்துபோகும் தோட்டக்காரராக அவர் இருந்திருந்தால் வரலாறு வேறாகியிருக்கும். அவரோ பையை அகற்றிக் குழாய்களைப் பொருத்தினார். பாதரச அளவியைக் கொண்டு பின்னர் அளந்தபோது, சாற்றின் அழுத்தம் 36 அடிக்கும் மேற்பட்ட நீர்த்தம்பத்தைத் தாங்க வல்லதாக இருந்தது. குதிரையின் தமனியில் கண்ட உயரத்தைப் போல் இது நான்கு மடங்குக்கும் மேல்! இதயமே இல்லாத கொடிக்கு இவ்வலிமை.

இதைக் கொண்டு, வேரே மரத்தின் இதயம் என்று முடிவுகட்டியிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. இவ்வேரழுத்தம் இலை விரியும் முன்னரே வலிமையாக இருந்தது. கோடையிலோ வெட்டிய கிளைகள் நீரை உறிஞ்சின. ஆகவே இலைகளை ஆராய்ந்தார். 1724இல், மூன்றரை அடி உயரச் சூரியகாந்திச் செடியொன்றின் தொட்டி வாயை ஈயத் தகட்டால் மூடி, காலையும் மாலையும் நிறுத்தார். பன்னிரண்டு மணிநேரப் பகலில் அது சராசரியாக 20 அவுன்சு, அதாவது ஏறத்தாழ 570 கிராம் நீரை இழந்தது. பனி பெய்த இரவில் இழப்பே இல்லை. இலைகளின் மொத்தப் பரப்பு 39 சதுர அடி. உடற்பருமனுக்கு ஒப்பிட்டால், ஒரே கால அளவில் மனிதனைக் காட்டிலும் அச்செடி பதினேழு மடங்கு நீரைத் தன்வழியே செலுத்துகிறது என்று கணக்கிட்டார். இத்துணை நீர் வந்து வெளியேறிவிடுவதால் அதே சாறு சுற்றிவரத் தேவையில்லை என்பது அவரது முடிவு. ஹார்வியின் கணக்கு முறைதான். விடை மட்டும் நேர்மாறு.

1727இல் வெளிவந்த அவரது நூலில் குறையும் உண்டு. இலையில் உருவான உணவு பட்டை வழியே இறங்குகிறது என்பதை அவர் உணரவில்லை. மரத்தில் வட்டப்பட்டை உரித்தால் மேல்விளிம்பு வீங்குவதை மால்பிகி முன்னரே கண்டிருந்தார். புளோயத்தைக் கற்பிக்கும்போது இன்றும் அச்சோதனையைத்தான் காட்டுகிறோம். இலையின் நீராவிப்போக்கு உயர்ந்த மரத்திலும் நீரை அறுபடாமல் இழுப்பது எங்ஙனம் என்பதற்கு, நீர் மூலக்கூறுகளின் பிணைப்பைக் கொண்டு டிக்சனும் ஜோலியும் 1894இல் விளக்கம் தந்தனர்.

முதுமையில் ஹேல்சின் கருத்து நோயின்பால் திரும்பியது. மூச்சால் கெட்ட காற்றே சிறைக்காய்ச்சலை உண்டாக்குகிறது என்று நம்பி, கப்பல்களுக்கும் சிறைகளுக்கும் காற்றோட்டப் பொறிகளை வகுத்தார். 1752இல் இலண்டன் நியூகேட் சிறையின் மேல் காற்றாலையால் இயங்கும் பொறி ஏறியது. அதைப் பொருத்திய தொழிலாளருக்கே அக்காய்ச்சல் கண்டது. ஒரு குடும்பம் முழுவதற்கும் அது பரவியதை மருத்துவர் ஜான் பிரிங்கிள் பதிவுசெய்தார். சிறைக்காய்ச்சலாகிய டைபசு நோயை உடற்பேன் பரப்புகிறது என்பதை 1909இல் தூனிசு நகரில் சார்லஸ் நிக்கோல் கண்டறிந்தார். நியூகேட்டிலிருந்து அத்தொழிலாளர் வீட்டிற்குக் கொண்டு சென்றது கெட்ட காற்றையன்று, உடையில் ஒட்டிய பேன்களையே எனக் கொள்வது பொருந்தும்.