கல் பங்களாவும் வைஃபையும்

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1822-இல் ஊட்டியின் முதல் பங்களாவைக் கட்டத் தொடங்கினார். உள்ளூர்க்காரர்கள் அதைக் 'கல் பங்களா' என்றார்கள்; இன்று அது அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. ரயில் ஊட்டிக்கு வந்ததே 1908-இல்தான். அதற்கு முன் சாமான்கள் பெரும்பாலும் மாட்டுவண்டியில் மலையேறின. அதனால் சுவர் எழுப்ப, பக்கத்தில் கிடைத்த கல்லே கைகொடுத்தது. குளிருக்கு அஞ்சிய துரைமார்கள் குன்னூர், கோத்தகிரியிலும் கனத்த சுவரும் கணப்படுப்புமாகக் கட்டித் தள்ளினார்கள்.

அந்த வீடுகளில் இன்டர்நெட் இழுப்பதுதான் என் பிழைப்பு. "ரூமுக்கு ரூம் வைஃபை பெட்டி வெச்சும் ஸ்பீடே இல்லைங்க" என்பார்கள். அவர்கள் வைக்கும் மெஷ் பெட்டிகள், கேபிள் இழுக்காவிட்டால், ஒன்றோடொன்று காற்றிலேதான் பேசிக்கொள்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் அலை கல்சுவரில் சோர்ந்துவிடும், 2.4 ஓரளவு தாண்டும், வேகம் குறைவு. ஒரே அலைவரிசையில் வாங்கித் திருப்பி அனுப்பும் ஒவ்வொரு பெட்டியிலும் வேகம் ஏறக்குறைய பாதியாகும். அழகு கெடுகிறதென்று பெட்டியைக் கணப்படுப்புக்குப் பின்னால் ஒளிப்பவர்களை என்ன சொல்ல!

ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி 1970 முதல் அண்டத்தின் அலைகளை வாங்குகிறது. அது வெட்டவெளியில் நிற்கிறது. உங்கள் பெட்டிக்கு அந்த வசதி இல்லை.

நான்காவது பெட்டி வாங்குமுன், மரக்கூரைக்கு மேலாக ஒரு லேன் கேபிள் இழுத்து இருக்கும் பெட்டிகளை இணைத்துப் பாருங்கள்.