விளக்கு சொன்னதும் உலை செய்ததும்

அணுமின் நிலையக் கட்டுப்பாட்டு அறைகளில் தடித்த கையேடுகளின் இடத்தைக் கணினித் திரைகள் பிடித்து வருகின்றன. பிரான்சின் ஷூ நிலையத்தில் 1996இல் மின்சாரம் தரத் தொடங்கிய உலை இதில் ஒரு முன்னோடி. அடுத்த படி என்ன என்று திரை சொல்கிறது. அதற்குத் தேவையான அழுத்தமும் வெப்பமும் அருகிலேயே தெரிகின்றன. ஆபரேட்டர் ஒரு படியைத் தவறவிடுவதே விபத்தின் வேர் என்று நினைப்பவர்களுக்கு இதுவே முழுத் தீர்வாகப் படும். ஆனால், மாண்ட்ரியலில் பிறந்த ஓர் உலையின் வரலாறு வேறொரு வேரைக் காட்டுகிறது: உலையின் உண்மை நிலையை அறைக்குள் இருப்பவர் எதைக் கொண்டு அறிகிறார் என்பதே அது.

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனும் கனடாவும் சேர்ந்து மாண்ட்ரியலில் ஓர் அணு ஆய்வகம் அமைத்தன. மாண்ட்ரியல் பல்கலைக்கழகக் கட்டடத்தில் 1943 முதல் இயங்கிய அந்த ஆய்வகம் வடிவமைத்த என்.ஆர்.எக்ஸ். என்ற கனநீர் உலை, 1947இல் கனடாவின் சாக் ரிவரில் இயங்கத் தொடங்கியது. 1952 டிசம்பர் 12 அன்று அதன் அடித்தளத்தில் ஓர் ஊழியர் தவறான வால்வுகளைத் திறந்துவிட்டார். அணைப்புத் தண்டுகள் மேலெழும்பின. கட்டுப்பாட்டு அறையில் சிவப்பு விளக்குகள் எரிந்தன. மேற்பார்வையாளர் கீழே ஓடி வால்வுகளை மூடினார். விளக்குகள் அணைந்ததால் தண்டுகள் முழுதும் இறங்கிவிட்டதாகவே கொள்ளப்பட்டது. உண்மையில் சில தண்டுகள் விளக்கு அணையும் அளவுக்கு மட்டுமே இறங்கியிருந்தன. பிறகு அவர் தொலைபேசியில் 4, 3 பொத்தான்களை அழுத்தச் சொல்ல நினைத்து, 4, 1 என்று சொல்லிவிட்டார். கேட்டவர் ரிசீவரைக் கீழே வைத்துவிட்டு அழுத்தப் போனதால் திருத்திச் சொல்ல வழியில்லை. ஒன்றாம் பொத்தான் மேலும் நான்கு தண்டுகளை உயர்த்தியது. கடைசியில் கனநீரை வடித்துத்தான் உலையை அணைத்தார்கள்.

வாய்தவறிய எண்ணைத் திரை தடுத்திருக்கும்; அதை மறுக்க முடியாது. ஆனால் அணைந்த விளக்கைத் திரையும் நம்பியிருக்கும், "தண்டுகள் இறங்கின" என்று குறித்துக்கொண்டு அடுத்த படிக்குப் போயிருக்கும். அது பழங்கால உலை, இன்றைய கருவிகள் அப்படி ஏமாற்றாது என்று வாதிடலாம். ஆனால் 26 ஆண்டுகள் கழித்து, 1979 மார்ச் 28 அன்று, அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் இதே பிழை திரும்பியது. அங்கிருந்த விளக்கு, உலையின் அழுத்தத்தைத் தணிக்கும் வால்வுக்கு "மூடு" என்ற ஆணை போனதைத்தான் காட்டியது. வால்வோ திறந்தே கிடந்தது. அதற்குப் பின்னிருந்த குழாயின் வெப்பம் உயர்ந்திருந்ததை ஆபரேட்டர்கள் பார்த்தார்கள். ஏற்கனவே கசிந்துகொண்டிருந்த வால்வுதானே என்று அதைத் தள்ளிவிட்டார்கள். ஆகவே கணினிச் செயல்முறையின் உண்மையான பயன் படிகளை வரிசையாக நீட்டுவதில் இல்லை. விளக்கையும் குழாய் வெப்பத்தையும் அருகருகே வைத்து, இரண்டும் முரண்படுகின்றன என்று ஆபரேட்டரை நிறுத்திக் கேட்பதில் இருக்கிறது. அதையும் கணினியே தீர்த்துக்கொள்ளட்டுமே என்பவர்கள் உண்டு. எந்த முரண்பாட்டைத் தேடுவது என்று முன்கூட்டியே எழுதிவைத்தால்தான் கணினி அதைத் தேடும். திரீ மைல் ஐலண்டில் அதைக் கண்டது ஒரு மனிதர்தான்: அன்று அடுத்த ஷிப்டுக்கு வந்த ஒருவர் அந்த வெப்ப அளவை வால்வு திறந்திருப்பதன் அடையாளமாக எடுத்துக்கொண்டு, அந்த வழியை அடைக்கும் வேறொரு வால்வை மூடச் செய்தார். அதற்குள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கடந்திருந்தது.