பறக்கும் தட்டு: திருகோணமலைக் கரையின் வான்கதைகளும் விசாரணைகளும்

வானில் கண்டு இன்னதென்று உடனே சொல்ல முடியாத ஒளிகளையும் உருக்களையும் பேச்சுவழக்கில் பறக்கும் தட்டு என்கிறோம். திருகோணமலையிலிருந்து புல்மோட்டைக்குப் போகும் கரையோர வீதியில், நிலாவெளியைத் தாண்டினால் வருவது குச்சவெளி. அதற்குக் கிழக்கே வங்காள விரிகுடாதான். நேர்கிழக்கே போனால் ஏறத்தாழ 1,300 கிலோமீற்றருக்கு அப்பால் நிக்கோபார் தீவுகள். இவ்வளவு திறந்த கிழக்கு வானம் உள்ள கரையில் இரவில் எதையாவது பார்க்காமல் இருப்பதுதான் கடினம். வேறு நாடுகளில் பறக்கும் தட்டு விசாரணை பெரும்பாலும் பொழுதுபோக்காளர் வேலை. இம்மாவட்டத்திலோ, அடையாளம் தெரியாமல் வானில் வந்தது 1942இலும் 2008இலும் உண்மையாகவே குண்டு போட்டது. அதனால் இங்கே ஐயப்படுகிறவருக்கு வேலை இரட்டிப்பு. வேற்றுலக ஓடம் என்பவரையும் கேள்வி கேட்க வேண்டும். எல்லாம் மனப்பிரமை என்று கைகழுவுகிறவரையும் கேட்க வேண்டும்.

புராண விமானங்கள்

இலங்கையின் வான்கதைகளில் மூத்தது புட்பக விமானம். குபேரனுடையதை இராவணன் பறித்துக்கொண்டான் என்பது இராமாயணம். சிங்கள மரபில் அவனுடைய ஊர்தி 'தண்டு மொனர', அதாவது மர மயில். தமிழிலும் ஒரு மயில் உண்டு. திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில், பகைவர் சூழ்ந்த வேளையில் கருவுற்ற விசயையைச் சச்சந்தன் மயிற்பொறி ஒன்றில் ஏற்றி அனுப்புகிறான். அது சுடுகாட்டில் இறங்க, அங்கே சீவகன் பிறக்கிறான். புறநானூற்றின் 27ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், புலவர் பாடும் புகழ் பெற்றவர்க்குப் பாகன் ஓட்டாத விண்ணூர்தி கிடைக்கும் என்கிறார். பழந்தமிழர் விமானம் வைத்திருந்தார்கள் என்பதற்கு மேடைதோறும் காட்டப்படும் சான்று இதுதான். பாட்டு பேசுவதோ இறந்தபின் அடையும் மேலுலகப் பேறு பற்றி. அதில் பொறியியலைத் தேடுவது புலவருக்குச் செய்யும் மரியாதை அல்ல.

திருகோணமலையின் சொந்த இராவணக் கதைகளைக் கேட்டால் இன்னொன்று தெரியும். அவற்றில் இராவணன் பறப்பதே இல்லை. கோணேசர் மலையில் பாறையை வாளால் வெட்டுகிறான். அது இராவணன் வெட்டு. கன்னியாவில் தாயின் ஈமக்கடனுக்காக ஏழு வெந்நீர் ஊற்றுகள் தோன்றுகின்றன. பிளந்த பாறை, சுடுநீர் என்று கண்முன் இருப்பதற்குக் காரணம் சொல்லும் கதைகள் இவை. விமானி இராவணனுக்கு இந்த ஊர்க்கதைகளில் வேலை இல்லை. அவன் அண்மைக்கால அரசியலோடும் ஊடகத்தோடும் வளர்ந்தவன். 2019இல் விடப்பட்ட இலங்கையின் முதல் செயற்கைக்கோளுக்கு 'இராவணா-1' என்று பெயர். அதே ஆண்டில் கட்டுநாயக்கவில் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை இராவணனின் பறப்பைப் பற்றிக் கருத்தரங்கு கூட்டியது. 2020 ஜூலையில் அவனது வான்பயணம் பற்றிய ஆவணங்கள் இருந்தால் தரும்படி பொதுமக்களுக்குப் பத்திரிகை விளம்பரமும் கொடுத்தது. ஓர் அரசு நிறுவனம் சான்று கேட்பதில் தவறில்லை. முடிவை முதலில் எடுத்துக்கொண்டு சான்று கேட்டதுதான் உறுத்துகிறது.

இத்தகைய கூற்றை எப்படிச் சோதிப்பது என்பதற்கு நல்ல முன்மாதிரி பெங்களூரில் கிடைக்கிறது. பண்டைய விமான நூல் என்று கொண்டாடப்பட்ட 'வைமானிக சாத்திர'த்தை இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த எச்.எஸ். முகுந்தாவும் நான்கு சக ஆய்வாளர்களும் 1974இல் ஆராய்ந்தனர். நம்பிக்கையோடு அவர்கள் சண்டை பிடிக்கவில்லை. நூல் எப்போது, யார் வாய்வழி வந்தது என்று விசாரித்தனர். வரைபடங்களை எடுத்து எடை, உந்துவிசை, காற்றியக்கம் என்று கணக்குப் போட்டனர். நூல் 1904க்கு முற்பட்டதாக இருக்க முடியாது, பண்டித சுப்பராய சாஸ்திரி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது, விவரிக்கப்பட்ட எந்தப் பொறியும் பறக்காது என்பது முடிவு.

போர்க்கால வானம்

1942 ஏப்ரல் 4ஆம் திகதி, லெனாட் பேர்ச்சல் என்ற கனடிய விமானி இலங்கைக்குத் தெற்கே கடலில் ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு வானொலியில் அறிவித்தார். மறுநாள் கொழும்பு தாக்கப்பட்டது. 9ஆம் திகதி காலை சுமார் 130 விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின் மேலும் சீனக்குடா விமானத்தளத்தின் மேலும் வந்தன. முந்திய இரவே துறைமுகத்தை விட்டு வெளியேறியிருந்த விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ் அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. சீனக்குடாவில் ஜப்பானிய விமானம் ஒன்று எண்ணெய்க் குதத்தில் மோதியது. குதம் பல நாள் எரிந்தது என்பது இன்றும் சொல்லப்படும் கதை. வானில் வருவதை அடையாளம் காண்பது என்ற கலை இக்கரைக்கு இப்படித்தான் வந்தது. தூரத்துப் புள்ளி ஒன்றைக் கண்டால் அது யாருடையது, எத்தனை, எந்தத் திசை என்று கேட்பது அப்போது உயிர் காக்கும் பழக்கம்.

ஈழப்போர் அந்தப் பழக்கத்தைக் குடிமக்களிடமும் கொண்டுவந்தது. வடகிழக்கில் ஒரு தலைமுறை விமானங்களைக் காதாலேயே பிரித்தறிந்தது: பாய்ந்துவரும் கிபிர், அடித்தொண்டையில் உறுமும் சகடை, விடாமல் ரீங்கரிக்கும் 'வண்டு' என்ற ஆளில்லா வேவு விமானம். இரவில் ஏற்றப்படும் பரா லைட் வேறு. பரசூட்டில் தொங்கி, எரிந்துகொண்டே மெல்ல இறங்கும் அந்த ஒளி, தெரியாதவருக்கு வானில் அசையாது நிற்கும் மர்மப் பந்து. 1997 மார்ச் 13ஆம் திகதி அமெரிக்காவின் அரிசோனாவில் ஆயிரக்கணக்கானோர் கண்டு பேர்பெற்ற 'பீனிக்ஸ் ஒளி'களில் ஒரு பகுதி இப்படிப்பட்ட படைத்துறை ஒளிக்குண்டுகளே. வன்னியில் பத்து வயதுப் பிள்ளை அதைப் பார்த்திருந்தால் பெயர் சொல்லியிருக்கும்.

விடுதலைப் புலிகளின் சிறு விமானங்கள் 2007 மார்ச் 26ஆம் திகதி கட்டுநாயக்கத் தளத்தைத் தாக்கிய பிறகு, இரவில் தெரியும் எந்த ஒளிக்கும் ஓர் அச்சம் ஒட்டிக்கொண்டது. உலகக் கிண்ண கிரிக்கெட் இறுதியாட்டம் நடந்த ஏப்ரல் இரவில் கொழும்பு இருளில் ஆழ்த்தப்பட்டதைப் பலர் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். 2008 ஓகஸ்ட் 26ஆம் திகதி இரவு குண்டு விழுந்தது திருகோணமலைக் கடற்படைத் தளத்தில். முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் நடுவே உள்ள குச்சவெளிக்கு அந்த ஆண்டுகளில் வானத்து ஒளி வேடிக்கைப் பொருளாக இருந்திருக்க முடியாது.

அச்சம் போரோடு முடிந்துவிடவில்லை. 2011 ஓகஸ்டில் 'கிறீஸ் பூதம்' என்ற பீதி கிழக்கெங்கும் பரவியது. உடலெங்கும் கிறீஸ் பூசிய மர்ம மனிதன் கூரைக்குக் கூரை தாவுகிறான் என்ற பேச்சில் ஊர்கள் இரவிரவாக விழித்திருந்தன. கின்னியாவில் மக்களும் படையினரும் மோதிக்கொண்டனர். 2002இல் உத்தரப் பிரதேசத்தில் முகத்தைப் பிறாண்டும் பறக்கும் ஒளி என்று 'முஹ்நோச்வா' பீதி எழுந்ததும் இதே இனம். வதந்தியை ஆராய்கிறவர், முதலில் மக்கள் எதற்கு அஞ்சக் காரணம் வைத்திருந்தார்கள் என்று பார்க்க வேண்டும். கிழக்கில் அந்தக் காரணம் வானத்திலிருந்து வந்ததல்ல.

கிளார்க்கும் கோவூரும்

உலக அளவில் பறக்கும் தட்டு யுகம் 1947 ஜூன் 24ஆம் திகதி அமெரிக்க விமானி கெனத் ஆர்னோல்டின் காட்சியோடு தொடங்கியது. அமெரிக்க விமானப்படையின் 'புளூ புக்' திட்டம் 1969இல் மூடப்பட்டபோது கையில் 12,618 முறைப்பாடுகள் இருந்தன. அவற்றில் விளக்கம் கிடைக்காதவை 701. விளக்கம் கிடைக்காத சிறுபகுதியை வேற்றுலகத்துக்கு எழுதிவைப்பது நம்பிக்கையாளர் வழக்கம். ஆனால் பெரும்பாலும் அங்கே குறைவது தரவு. நேரமும் திசையும் இல்லாத சாட்சியத்தை யாராலும் அவிழ்க்க முடியாது.

இந்த வரலாற்றில் திருகோணமலைக்கு நேரடித் தொடர்புள்ளவர் ஆதர் சி. கிளார்க். 1956இல் இலங்கைக்கு வந்து, மைக் வில்சனோடு கோணேசர் மலையடியில் மூழ்கி, பழைய கோயிலின் கடலடி இடிபாடுகளைப் படமெடுத்தவர். விண்வெளிப் புனைகதையில் வேற்றுலகத்தாரை உலவவிட்ட அவர், பறக்கும் தட்டுகளை மட்டும் நம்பவில்லை. நம்பாததற்கு அவர் சொன்ன காரணம், தாமே பலவற்றைப் பார்த்திருப்பது. 1964 மே மாதம் நியூயோர்க்கில், '2001' படத்தை எடுப்பதென்று அவரும் ஸ்டான்லி குப்ரிக்கும் முடிவு செய்த இரவில், இருவரும் மாடியிலிருந்து வானில் பேரொளி ஒன்றைக் கண்டார்கள். அது உச்சியில் நின்றுவிட்டதுபோல் தோன்றியது. பத்திரிகையில் வந்த செயற்கைக்கோள் அட்டவணையில் அது இல்லை. விமானப்படையின் படிவத்தையே நிரப்பினார்கள். விசாரித்ததில் அது எக்கோ-1. 1960இல் ஏவப்பட்ட, சுமார் 30 மீற்றர் விட்டமுள்ள உலோகப்பூச்சுப் பலூன் செயற்கைக்கோள். செயற்கைக்கோள் வழித் தொலைத்தொடர்பை 1945இலேயே எழுதிக்காட்டியவரின் கண்ணையே ஒரு தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள் ஏமாற்றியது. நிபுணர் பார்த்தாரே என்ற வாதத்துக்கு இதைவிட நல்ல மறுப்பு எனக்குத் தெரியவில்லை.

கிளார்க்குக்குச் சமகாலத்தவர் ஆபிரகாம் கோவூர். கேரளத்தில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் ஆசிரியராகி, இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தை நடத்தியவர். அற்புதச் சக்தியை மோசடிக்கு இடமில்லாத சூழலில் காட்டுவோருக்கு 1963இல் ஒரு இலட்சம் ரூபா அறிவித்தார்; 1978இல் அவர் இறக்கும்வரை யாரும் அதை வெல்லவில்லை. அவர் துருவியது பேய்வீடுகளையும் கல்லெறியும் ஆவிகளையும். ஆனாலும் சம்பவ இடத்துக்கே போய், வீட்டாரோடு பேசிக் காரணத்தைத் தேடும் அவரது முறை வான்காட்சிக்கும் அப்படியே பொருந்தும்.

விழுந்தவை

கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய பொருள் கிடைத்தால் விசாரணை எளிதாக வேண்டும். ஆகவில்லை. 2012 டிசெம்பர் 29ஆம் திகதி பொலன்னறுவை மாவட்டத்தின் அரலகங்வில பக்கம் தீப்பந்து தெரிந்ததாகவும் கற்கள் விழுந்ததாகவும் செய்தி வந்தது. சில வாரங்களில், கொழும்பில் பிறந்த வானியலாளர் சந்திர விக்கிரமசிங்க அக்கற்களில் வேற்றுலக நுண்பாசியின் புதைபடிவம் இருப்பதாக அறிவித்தார். மறுத்தவர்கள் இரண்டு கேள்விகள் கேட்டனர். கல் உண்மையில் விண்கல்தானா? பாசி ஏன் நம்மூர் நன்னீரில் வாழும் வகைகளாகவே இருக்கிறது? தீப்பந்து ஒருவர் கண்டது, கல் இன்னொருவர் வயலில் பொறுக்கியது. இரண்டையும் கட்டும் கயிறு யாரிடமும் இல்லை.

இதற்கு நேர்மாறானது டபிள்யூ.டி.1190எஃப். அரிசோனாவின் கற்றலினா வானோக்குத் திட்டத்தார் 2015 ஒக்டோபரில் கண்ட இச்சிறு பொருள், நவம்பர் 13ஆம் திகதி முற்பகல் 11.48 அளவில் இலங்கையின் தென்கரைக்கு அப்பால் விழும் என்று முன்கூட்டியே கணித்தார்கள். மீனவர்களுக்கு எச்சரிக்கை கொடுக்கப்பட்டது. விஞ்ஞானிகள் விமானத்தில் காத்திருந்து அது எரிந்ததைப் படம்பிடித்தனர். 1998இல் சந்திரனுக்குப் போன லூனர் புரொஸ்பெக்டர் கலத்தை உந்திய ரொக்கெட் பகுதியாக இருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. 2024 டிசெம்பர் இறுதியில் திருகோணமலைக் கடலில் மீனவர் கண்டெடுத்த ஆளில்லா விமானம், வான்காப்புப் பயிற்சியில் இலக்காகச் சுடப்படும் வகை என்று இலங்கை விமானப்படை விளக்கியது.

கரையிலிருந்து பார்க்கையில்

மிகுதிக் காட்சிகளில் பெரும்பாலானவற்றுக்குக் குற்றவாளி கோள்கள். 2012 ஓகஸ்டுக்கும் 2013 பெப்ரவரிக்கும் இடையில் லடாக் எல்லையில் இந்தியப் படையினர் 329 முறை மர்ம ஒளிகளைக் குறித்துவைத்தனர். சீன வேவு விமானமோ என்று கவலை. இந்திய வானியற்பியல் நிறுவனத்தார் ஆராய்ந்து, அவை வெள்ளியும் வியாழனும் என்றார்கள். உயரத்து மெல்லிய காற்றில் அவை வழக்கத்தைவிடப் பிரகாசமாகத் தெரிந்திருந்தன.

குச்சவெளியில் இதைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. வெள்ளி சூரியனை விட்டு வெகுதூரம் போகாது. ஆகவே அது கடல்மேல் தெரிந்தால் விடியற்காலை. மாலையில் தெரிந்தால் முதுகுப்பக்கம், காணியின் மேல். முன்னிரவில் கடல்மேல் கிளம்பும் அசையாப் பேரொளி என்று ஒருவர் சொன்னால் வெள்ளியைத் தள்ளிவிட்டு வியாழனையும், அடுத்தபடியாகப் படகுகளையும் பார்க்க வேண்டும். தடைசெய்யப்பட்டும் ஓயாத, ஒளி பாய்ச்சி மீன்பிடிக்கும் தொழிலின் விளக்குகள் மிகப் பிரகாசமானவை. மணலில் நிற்பவரின் கண்ணுக்கு, பத்து மீற்றர் உயரத்து விளக்கு ஏறத்தாழ 16 கிலோமீற்றர் தூரம்வரை தெரியும். படகோ கடலோ தெரியாது. ரோந்து வருவதை அறிந்து அணைத்தால் ஒளி 'மறைந்துவிடும்'.

எல்லாவற்றிலும் வியப்பானது ரொக்கெட். குச்சவெளியிலிருந்து சிறீஹரிகோட்டா சுமார் 550 கிலோமீற்றர்தான். துருவப் பாதைக்கு ஏவும் பி.எஸ்.எல்.வி. நேரே தெற்கே வந்தால் இலங்கையின் மேலாகப் பறக்க நேரும். அதனால் முதலில் தென்கிழக்கே போய், பிறகு தெற்கே திரும்புகிறது. எரிபொருள் வீணாகிறது, ஏற்றும் சுமை குறைகிறது. அந்த வளைவு இக்கரைக்கு எதிரே வங்காள விரிகுடாவின் மேல் நடக்கிறது. 2022 பெப்ரவரி 14ஆம் திகதி போல் காலை 5.59க்கு ஏவினால், கீழே இருள் பிரியாத வேளையில் மேலே வெயில். வெளியேறும் வாயு காற்றில்லா உயரத்தில் விரிந்து, சொறிமீன்போல் ஒளிர்ந்து நகரும். ஏவல் அட்டவணை தெரியாதவருக்கு அது வாழ்நாளில் மறக்காத காட்சி. தெரிந்தவருக்கும் அப்படியே.

இந்த வளைவைத் தவிர்க்கத்தான் இந்தியா தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளம் கட்டுகிறது. 2024 பெப்ரவரி 28ஆம் திகதி அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கிருந்து சிறு ரொக்கெட்டுகள் நேரே தெற்கே, இலங்கையின் மேற்குப்புறமாகப் போகும். அவற்றைப் பற்றிய முறைப்பாடுகள் இனிப் புத்தளம், கற்பிட்டிப் பக்கத்திலிருந்து வரலாம்.