ஈயத்தை விரட்டிய பெட்டி

நம் தோட்டத்துப் பிள்ளைகள் பழைய கார் வாங்கினால், புகைக்குழாயின் நடுவே உள்ள பெட்டியைக் கழற்றி விற்றுவிடச் சொல்பவர்கள் உண்டு. நல்ல காசும் கிடைக்கிறது. அந்தப் பெட்டி வந்த கதையைப் பார்ப்போம்.

1921ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர், பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்தால் எஞ்சின் தட்டாமல் ஓடும் என்று கண்டார். ஈயம் நஞ்சு என்பது அப்போதே தெரிந்த செய்திதான். 1924இல் நியூ ஜெர்சியில் அதைத் தயாரித்தவர்கள் சித்தம் கலங்கி மாண்டார்கள். மாண்டவர்கள் துரைமார்கள் அல்லர். கையால் வேலை செய்தவர்கள். ஆனாலும் ஈயப் பெட்ரோல் உலகெங்கும் விற்றது. நம் நாட்டிலும் விற்றது. அந்தப் புகை குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும்.

1975 முதல் அமெரிக்கக் கார்களில் இந்தப் பெட்டி வந்தது. உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான். அதன்மேல் பிளாட்டினம் முதலான விலையுயர்ந்த உலோகப் பூச்சு. கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவை அது மாற்றிவிடும். ஆனால், பால் வடிகட்டும் சல்லடையில் ரப்பர்ப் பால் உறைந்து அடைப்பதுபோல, ஈயம் படிந்தால் பூச்சு செத்துவிடும். ஆகவே ஈயமில்லாப் பெட்ரோல் கட்டாயமாயிற்று. மருத்துவர்கள் பல்லாண்டு எச்சரித்தும் அசையாத காரியத்தை இந்தப் பெட்டி அசைத்தது!

மலேசியாவில் 1985இல் ஈய அளவுக்குச் சட்டம் வந்தது. 1990இல் லிட்டருக்கு 0.15 கிராமாகக் குறைத்தார்கள். பிறகு ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. கடைசி நாடான அல்ஜீரியா 2021இல்தான் நிறுத்தியது.

பெட்டியைக் கழற்றினால் வரும் நச்சுவாயுவுக்கு நிறமில்லை, வாடையில்லை. லயத்து வீட்டுச் சன்னலோரம்தானே காலையில் காரை முடுக்குகிறோம்? பெட்டி அடைத்திருந்தால், எஞ்சின் எண்ணெய் குடிக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அதைச் சரிசெய்யாமல் புதுப்பெட்டி மாட்டினால் அதுவும் அடைத்துக்கொள்ளும்.