திடீர்க் காது கேளாமையும் உட்செவி மின்பதிவும்

மூன்று நாள்களுக்குள், பெரும்பாலும் ஒரு காதில் மட்டும், கேட்கும் திறன் சட்டென்று குறைவதே திடீர்க் காது கேளாமை. இதை 1944-இல் நெதர்லாந்து மருத்துவர் டி கிளெய்ன் விரிவாக விவரித்தார். இந்நோயில் செவிப்பறை பழுதின்றியே காணப்படும். கோளாறு உட்செவியில், அதாவது காக்ளியா எனும் நத்தைச்சுருளில், அல்லது கேள்நரம்பில் இருக்கும். எவ்வளவு கேட்கவில்லை என்பதைக் கேள்திறன் சோதனை அளந்து சொல்லும். பழுது இவ்விரண்டில் எங்கே என்பதை அறிய மின்பதிவு உதவியது.

1930-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் வீவர், பிரே என்னும் இருவர் மயக்கமூட்டிய பூனையின் கேள்நரம்பில் மின்வாயைப் பொருத்தினர். பூனையின் காதருகே ஒருவர் பேசியது, வேறோர் அறையில் தொலைபேசிக் கேட்பியை வைத்திருந்த மற்றவருக்குக் கேட்டது. அந்த மின்னலைகள் நரம்பினுடையவை என அவர்கள் கருதினர். அவற்றில் பெரும்பகுதி நத்தைச்சுருளின் நுண்மயிர்ச் செல்களில் தோன்றியது எனப் பின்னர் தெரிந்தது. செல்லுக்கும் நரம்புக்கும் தனித்தனி மின் அடையாளம் உண்டு என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

மனிதக் காதில் இந்த மின்னலைகள் மிக நுண்ணியவை. ஒரே ஒலியைப் பலநூறு முறை எழுப்பி, கணினியால் சராசரி கண்டபோது தாறுமாறான இரைச்சல் நீங்கி, காதின் மறுமொழி எஞ்சியது. 1967-இல் பிரான்சின் போர்தோ நகரில் போர்ட்மன், அரான் ஆகியோரும் ஜப்பானில் யோஷியேவும் இவ்வகைப் பதிவுகளை வெளியிட்டனர். போர்தோவில் மெல்லிய ஊசி மின்வாய் செவிப்பறை வழியே நடுச்செவியின் உட்சுவரைத் தொட்டது. இம்முறையே எலக்ட்ரோகாக்ளியோகிராபி.

செல்களின் மின்னலை இருந்து நரம்பின் மறுமொழி இல்லையெனில், பழுது நரம்புப் பக்கம் எனக் கருதலாம். இரண்டும் குன்றியிருந்தால் நத்தைச்சுருள்மீது ஐயம் எழும். உட்செவி நீர்மம் மிகும் மெனியர் நோயிலும் பதிவின் வடிவம் மாறும்.

1971-இல் ஜூவெட், வில்லிஸ்டன் இருவரும் தலைமேல் ஒட்டும் மின்வாய்களால் மூளைத்தண்டு வரையிலான மறுமொழிகளைப் பதிவுசெய்து விளக்கினர். ஊசி தேவைப்படாத இம்முறை பச்சிளங்குழந்தைகளின் கேள்திறனை அறியவும் உதவுகிறது. இந்தியாவில் இத்துறை வல்லுநர்களைப் பயிற்றுவிக்கும் நிறுவனங்களுள் மைசூருவிலுள்ள அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் முதன்மையானது.

ஆயினும் திடீர்க் கேளாமைக்கான காரணம் பெரும்பாலோரிடம் இன்றும் கண்டறியப்படுவதில்லை. எல்லோருக்கும் மின்பதிவு தேவையுமில்லை. முதலில் வேண்டியது கேள்திறன் சோதனையே. ஸ்டீராய்டு மருத்துவத்தை முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்குவது நல்லது. வாலாஜாபாத், உத்திரமேரூர் போன்ற ஊர்களைச் சுற்றிய கிராமங்களிலும் பிற இடங்களிலும், காது அடைத்தால் குறும்பி என்றெண்ணி எண்ணெய் ஊற்றிக் காத்திருப்போர் உண்டு. காது திடீரெனக் கேட்காமல் போனால், அப்படிக் கழியும் ஒவ்வொரு நாளும் இழப்பே.