கல் தேடி வந்தவரும் லயத்துக் கதைகளும்

இரத்தினபுரியில் மாணிக்கம் எடுக்கும் முறை பழையது. வயலில் குழி வெட்டி, மண் சரியாமல் மரத்தால் அண்டை கொடுத்து, அடியில் கிடக்கும் சரளையை மேலே ஏற்றி, கூடையிலிட்டுத் தண்ணீரில் சுழற்றி அலசுவார்கள். 1903இல் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வின் இயக்குநராகப் பொறுப்பேற்ற ஆனந்த குமாரசுவாமியும் இந்தச் சரளையோடுதான் தொடங்கினார். 1877இல் கொழும்பில் முத்து குமாரசுவாமிக்கும் ஓர் ஆங்கிலப் பெண்ணுக்கும் பிறந்தவர், லண்டனில் நிலவியல் படித்தவர். 1904இல் பலாங்கொடைப் பக்கத்துச் சரளையில் கறுப்பாக, கனமாக, சதுரம் சதுரமாக ஒரு கல் அகப்பட்டது. யுரானினைட் என்று அவர் நினைத்தார். சோதனையில் அது புதிய கனிமம் என்று தெரிந்து, தோரியானைட் என்று பெயர் பெற்றது. காஸ் விளக்கின் மென்டிலுக்குத் தோரியம் தேவைப்பட்ட காலம் அது. கல்லுக்கு நல்ல விலை.

அந்த விலையின் பின்னால் அவர் போகவில்லை. கல் தேடி ஊர் ஊராகப் போனபோது வேறு சிலவற்றைக் கண்டுவிட்டார். பாய் பின்னும் கை, தந்தம் செதுக்கும் கை, விகாரைச் சுவரில் வண்ணம் தீட்டும் கை. 1908இல் 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற பெரிய நூலை வெளியிட்டார். படங்களை எடுத்தவர் மனைவி எதெல். ஆங்கிலக் கைவினைக் கலைஞர் வில்லியம் மொரிஸின் அச்சுப்பொறியில், இங்கிலாந்தில் தம் வீட்டிலேயே அச்சிட்டது 425 பிரதிகள்தான். அரசாங்கம் அவரை மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க அனுப்பியது. அவர் மண்ணுக்கு மேலே இருந்தவர்களைப் பார்த்தார். இரத்தினபுரியையும் கேகாலையையும் கொண்ட சப்ரகமுவவின் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த செய்தி இதுதான்.

நான் பலாங்கொடைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். குமாரசுவாமியின் நூலில் எங்கள் லயங்கள் இல்லை. கண்டி இராச்சியக் காலத்துக் கைவினையை எழுத வந்தவரிடம் அதை எதிர்பார்ப்பதும் சரியல்ல. ஆனால் அவர் பார்த்த விதத்தில் லயத்தைப் பார்த்தால் என்ன தெரியும் என்ற கேள்வி என்னை விடவில்லை.

தோட்டத்து ஆவணங்களில் தெரிவது கொஞ்சம்தான். செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் ஒரு பேர், அரைப்பேர், அதாவது முழுநாள் கூலி, அரைநாள் கூலி. 1921இல் ஒழிக்கப்படும்வரை கங்காணியின் துண்டுச் சீட்டில் கடன் தொகை. கேகாலைப் பக்கம் ரப்பர் மலைகளில் மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, அன்றைக்குப் பேரும் இல்லை. இந்தக் கணக்கை வைத்து எழுதினால் எங்கள் சனம் வெறும் வறுமையாகத்தான் தெரியும். பலரும் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள்.

என் தாத்தா காலையில் பெரட்டுக்குப் போகும் ஆள். ராத்திரி வாசிக்கும் ஆள். இஸ்தோப்பில் குப்பி விளக்கை வைத்து, சென்னையில் அச்சான பெரிய எழுத்துப் புத்தகத்தைப் பிரித்தாரென்றால், லயத்தில் பாதிப் பேர் சாக்கு விரித்து உட்கார்ந்துவிடுவார்கள். நல்லதங்காள், அல்லி அரசாணி, பாரதக் கதை. ராகம் போட்டு ஓர் அடி வாசிப்பார், பிறகு பேச்சில் விளக்குவார். எழுத்துத் தெரியாத அப்பாயிதான் அவரை அடிக்கடி நிறுத்துவாள். "ஏங்க, நல்லதங்கா அண்ணன் வர்ற வரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதா?" என்பாள். அதன்பின் வாசிப்பு நின்று வழக்குத் தொடங்கும். அண்ணியின் பக்கம் ஒருவர், தர்மத்தின் பக்கம் ஒருவர். மறுநாள் கொழுந்து மலையிலும் அந்த வழக்கு தொடரும். படித்தவர் ஒருவர், சிந்தித்தவர்கள் முப்பது பேர். பல்கலைக்கழகக் கருத்தரங்குகளில் பின்னாளில் நான் இருந்திருக்கிறேன். அந்தச் சூட்டை அங்கே அதிகம் கண்டதில்லை.

மாசி மாதத்தில் காமன் கூத்து. தப்பு முழங்க ரதியும் மதனும் லயம் லயமாக ஆடி வருவார்கள். ரதியாக ஆடுபவர் பகலில் கான் வெட்டுகிறவராக இருப்பார். அந்த நாட்களில் துரைகூட அவரை வேறு கண்ணால் பார்த்தார் என்று தாத்தா சொல்வார். வெளியிலிருந்தும் எழுத்து வந்தது. 1920களில் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் துணி வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்தவர். அவரும் மனைவி மீனாட்சியம்மாளும் பாட்டுப் புத்தகங்களைக் கொண்டுவந்தார்கள். மீனாட்சியம்மாள் கூட்டங்களில் தாமே பாடினார். கதை கேட்டுப் பழகிய காதுகள் இருந்ததால்தான் அந்தப் பாட்டுகள் அவ்வளவு வேகமாகப் பரவின என்பது என் எண்ணம்.

பயணம் என்றால் எங்களுக்குச் சிவனொளிபாதம். இரத்தினபுரி வழி பலாபத்தலையில் தொடங்கி நெடுந்தூரம் செங்குத்தாக ஏறும். ஹட்டன் வழி சுலபம் என்று தெரிந்தும் பெரியவர்கள் இதில்தான் ஏறினார்கள். 1344இல் பயணி இபுன் பதூதா இலங்கைக்கு வந்தபோது, யாழ்ப்பாண அரசர் ஆரியச் சக்கரவர்த்தி தம் முன்னிருந்த முத்துக்களை அவருக்குக் கொடுத்து, வேறென்ன விருப்பம் என்று கேட்டார். பாதத்தைக் காண வேண்டும், அது ஒன்றுதான் என்றார் பதூதா. அரசர் யோகிகள் நால்வரையும் பிராமணர் மூவரையும் துணைக்கு அனுப்பினார். இதை வகுப்பில் சொன்னபோது ஒரு பிள்ளை, "நம்ம அம்மாவும் சீட்டுக் காச அதுக்குத்தான் சேத்தாங்க சேர்" என்றது.

1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த ஒப்பந்தத்தில் எங்கள் சனத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவாகி, லயங்கள் பிரிந்தன. 1981 ஆகஸ்டில் காவத்தை, இறக்குவானை, பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டங்கள் தாக்கப்பட்டன. பலர் வவுனியாவுக்குப் போனார்கள். எங்கள் காம்பராவில் தாத்தாவின் தகரப் பெட்டி புத்தகங்களோடு எரிந்தது. அல்லி அரசாணியைப் பாதிக்குமேல் மனப்பாடமாக வைத்திருந்த அப்பாயி, அகதி முகாமில் இரவில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொன்னாள். வழக்கம்போல நடுவில் நிறுத்தி அவர்களிடம் தீர்ப்பும் கேட்டாள்.

இன்று சப்ரகமுவத் தோட்டப் பிள்ளைகளில் பலர் சிங்களத்தில் படிக்கிறார்கள். அருகில் இருக்கும் பள்ளிக்கூடம் அதுதான். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கதையை ராகத்தோடு வாசிக்கத் தெரிந்தவர்கள், ரதி ஆடியவர்கள், பலாபத்தலை வழியில் பாடும் பாட்டை அறிந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். காவத்தையிலும் இறக்குவானையிலும் அவர்களைத் தேடிப் போய், குரலைக் கைபேசியில் பதிந்து, எந்தத் தோட்டம், யாரிடம் கற்றது என்று கொப்பியில் எழுதி வருகிறேன். யட்டியந்தோட்டைப் பக்கம், தெரணியகலைப் பக்கம் இன்னும் யாரும் போகவில்லை.